முழு வேதாகமமும் ஒரே ஆண்டிலா, ஒரு புத்தகமாக மெதுவாகவா? தினசரி வாசிப்புக்கு எந்த முறை ஏற்றது

ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கிய வாசிப்பு, மாதக் கடைசியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளிலோ லேவியராகமத்தின் பலிகளிலோ நின்றுவிடுகிறது. வாசிப்பு அட்டை வேதாகமத்துக்குள் மடிந்து கிடக்கிறது. அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஆதியாகமம் 1. இப்படி நின்றவர்கள் தங்கள் பக்திதான் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. ஒருவருடைய நாளுக்கும் வேலைக்கும் வாசிக்கும் வேகத்துக்கும் பொருந்தாத முறையை, சபையில் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக அவரும் எடுத்திருப்பார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே புழங்கும் ஐந்து முறைகளை இங்கே எடைபோடுகிறோம். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எத்தனை அதிகாரம் முடிந்தது என்பதைவிட, வாசித்ததைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரியாவது எழுத முடிந்ததா என்பதையே நாங்கள் பெரிதாக எண்ணுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

நேரம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. வசனங்கள் 31,000-க்குச் சற்று மேல். அப்படியானால் சராசரி அதிகாரத்துக்கு 26 வசனம். உங்கள் வேகத்தை அறிய மாற்கு 1-ஐ வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அதில் 45 வசனம். எட்டு நிமிடம் ஆனால், சராசரி அதிகாரத்துக்கு உங்களுக்கு ஏறக்குறைய நாலரை நிமிடம். இந்தக் கணக்கைப் போடாமல் எந்த அட்டையையும் கையில் எடுக்காதீர்கள்.

தவறிய நாள். காய்ச்சல், கல்யாண வீடு, மாதக் கடைசிக் கணக்கு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வரத்தான் செய்யும். மூன்று நாள் விட்டால் நாலாம் நாள் என்ன ஆகிறது? ஒரு முறையின் தரம் இங்கேதான் தெரியும்.

எந்தெந்தப் பகுதி கண்ணில் படுகிறது. சில முறைகளில் ஓபதியாவும் நாகூமும் வாழ்நாள் முழுதும் எட்டிப்பார்க்கவே மாட்டார்கள்.

சூழல். வசனம் அதன் முன்பின்னோடு வருகிறதா, தனியாக வெட்டி எடுக்கப்பட்டு வருகிறதா?

தியானத்துக்கு இடம். சங்கீதம் 1-லும் யோசுவா 1:8-லும் 'தியானி' என்று வரும் எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்று பொருள். அதே வினைச்சொல் ஏசாயா 31:4-ல் இரையின்மேல் நிற்கும் சிங்கத்தின் உறுமலுக்கும், 38:14-ல் புறாவின் புலம்பலுக்கும் வருகிறது. கண் ஓட்டத்தில் தாண்டிப்போவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

| முறை | ஒரு நாளுக்கு | மூன்று நாள் தவறினால் | எழுத இடம் |
|---|---|---|---|
| ஆண்டுக்குள் முழுதும் | 3 அதிகாரம், ஞாயிறு 5 | 9 முதல் 11 அதிகாரம் பாக்கி | குறைவு |
| நான்கு இடங்களில் | 4 அதிகாரம், சில நாள் கூடுதல் | 12-க்கு மேல் பாக்கி | மிகக் குறைவு |
| ஒரே புத்தகம், குறிப்பேட்டோடு | 10 முதல் 15 வசனம் | பாக்கி இல்லை | தாராளம் |
| தியானப் புத்தகம், தின வசனம் | ஒரு பக்கம் | பாக்கி இல்லை | இருக்கிறது, பயன்படுவது அரிது |
| கேட்டல் | பயண நேரம் | பாக்கி இல்லை | தனியே ஒதுக்கவேண்டும் |

## ஆண்டுக்குள் முழுதும்

வார நாட்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்பது பழைய கணக்கு. வாரத்துக்கு 23, 52 வாரத்துக்கு 1,196. ஏழு அதிகாரம் மிச்சம் வைத்து முடித்துவிடலாம். மேலே சொன்ன வேகத்தில் தினமும் கால் மணி நேரம் போதும் என்று தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு நாட்காட்டியில் இருக்கிறது. இந்த வேகத்தில் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25 வரும். அங்கிருந்து கூடாரத்தின் திரைகள், கொளுக்கிகள், பாதங்கள். 28 வாக்கில் லேவியராகமம். எண்ணாகமம் முடியும்போது பிப்ரவரி நடுப்பகுதி. புத்தாண்டு வேகம் தணிகிற வாரங்களும் வேதாகமத்தின் கடினமான வழியும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அட்டை நின்றுபோவது இங்கேதான்.

இரண்டாவது செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால் மத்தேயு 1 வருவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில். ஒன்பது மாதத்துக்கு மேல் சுவிசேஷத்தைத் தொடாத வாசிப்பு, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு நல்லதல்ல. அவருக்கு இந்த முறையை நாங்கள் சொல்வதில்லை.

இதையே எடுப்பதென்றால் சில கைமுறைகள் உதவும். யாத்திராகமம் 25 முதல் 31 வரை கட்டளை. 35 முதல் 40 வரை அந்தக் கட்டளை அப்படியே நிறைவேறுகிறது. நடுவே 32 முதல் 34 வரை பொன் கன்றுக்குட்டி. 'தேவன் தங்கும் இடத்துக்கு அளவு கொடுக்கிறார், ஜனங்கள் வேறொன்றைச் செய்கிறார்கள், ஆனாலும் கூடாரம் எழுகிறது' என்று இந்த மூன்று பாகத்தையும் ஒரே கதையாகப் பார்த்தால் கொளுக்கிகளின் எண்ணிக்கைகூடப் பேசத் தொடங்கும். லேவியராகமத்தில் 16-ஆம் அதிகாரத்தை, பாவநிவாரண நாளை, நடுத்தூணாக வைத்துக்கொள்ளுங்கள். 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெயர்களை வேகமாகத் தாண்டலாம். 4:9-10-ல் யாபேஸின் ஜெபத்தில் மட்டும் நின்று போங்கள்.

தவறிய நாட்களை அடைக்கப் பார்ப்பதே இந்த முறையைக் கொல்லும் தவறு. வார நாட்களில் நான்கு நாள் விட்டால் பன்னிரண்டு அதிகாரம். சனிக்கிழமை உட்கார்ந்து அடைத்துவிடலாம் என்று நினைப்போம், சனிக்கிழமை பதினைந்தாகிவிடும். விட்டதை அட்டையில் வட்டமிட்டுவிட்டு இன்றைய பகுதிக்கு வந்துவிடுங்கள். வட்டமிட்டவை ஆண்டுக் கடைசிக்கு. டிசம்பர் 31-க்குள் முடித்தே ஆகவேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை.

யாருக்கு ஏற்றது: முழு வேதாகமத்தையும் ஒருமுறைகூட முடிக்காத, ஆனால் சுவிசேஷங்களோடு ஏற்கெனவே பழகியவர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், பிரசங்கம் செய்கிறவர். ஆமோஸ் எந்தக் காலத்தவர், எஸ்தர் எங்கே பொருந்துகிறாள் என்று ஒரு வரைபடம் மனதில் விழ இதைவிட நல்ல வழி இல்லை. வாழ்நாளில் இரண்டு மூன்று தடவையாவது இப்படி ஓடித்தான் ஆகவேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆண்டுதோறும் வேண்டியதில்லை.

## நான்கு இடங்களில் ஒரே நாளில்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மக்ஷேன் 1842-ல் தன் சபைக்காக வகுத்த அட்டவணை இது. இன்றும் பல மொழிகளில் புழங்குகிறது. பழைய ஏற்பாடு ஆண்டுக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. ஜனவரி 1-க்கான பகுதிகள் ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1: உலகின் தொடக்கம், கிறிஸ்துவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்புதல், சபையின் தொடக்கம். நான்கும் தொடக்கங்கள். இதுதான் இந்த முறையின் அழகு. ஒரு பகுதி கடினமாக இருக்கும் நாளில் மற்றொன்று தாங்கும், லேவியராகமத்தில் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

செலவும் அங்கேயே இருக்கிறது. நாலு கதையை ஒரே நாளில் மனதில் வைத்திருப்பது எளிதல்ல. ஒரு வாரம் விட்டால் நாலு நூலும் சேர்ந்தே அறுகின்றன. நேரம் 20 நிமிடத்துக்கு மேல், தியானத்துக்கு எதுவும் மிஞ்சாமல். அட்டவணையை வகுத்தவரே இதன் ஆபத்துகளையும் அதோடு எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடுவது, முடித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்க முடியாத நுகமாகிவிடுவது. இன்று அட்டவணையை மட்டும் அச்சடித்துக் கொடுக்கிறோம், எச்சரிப்பை விட்டுவிடுகிறோம்.

அவர் நான்கு பத்திகளில் இரண்டைக் குடும்ப வாசிப்புக்கும் இரண்டைத் தனி வாசிப்புக்கும் பிரித்திருந்தார். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் முறை தாங்கும்: இரவு குடும்ப ஜெபத்தில் ஒரு பகுதி, காலையில் தனியாக ஒரு பகுதி, மற்ற இரண்டும் அடுத்த ஆண்டுக்கு. குடும்ப ஜெபம் தவறாத வீடுகளுக்கு இப்படிப் பரிந்துரைப்போம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் பரீட்சை எழுதும் மாணவருக்கும் வேண்டாம்.

## ஒரே புத்தகம், குறிப்பேட்டோடு

ஒரு புத்தகத்தை எடுத்து, நாளுக்கு 10 முதல் 15 வசனமாக, முடியும்வரை அதிலேயே இருப்பது. மாற்குவில் 678 வசனம். நாளுக்கு 15 வீதம் ஒன்றரை மாதத்தில் முடியும். இப்படிப் போனால் முழு வேதாகமத்தையும் என்றைக்கு முடிப்பது என்று கேட்பார்கள். நாளுக்கு 15 வசனம் என்றாலும் ஆறு ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் தொடங்கி பிப்ரவரியில் நிற்பவர் அந்த ஆறு ஆண்டில் எங்கே நிற்பார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் நாள் புத்தகம் முழுவதையும், சிறியதாக இருந்தால், ஒரே மூச்சில் வாசியுங்கள். பிலிப்பியருக்கு 104 வசனம். இருபது நிமிடத்துக்குள் ஆகிவிடும். அதன்பிறகே துண்டு துண்டாக. துண்டை அதிகார எண்ணை வைத்து வெட்டாதீர்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண் 1551-ல் வந்தது. எழுதியவர்கள் போட்டவை அல்ல. ஏசாயாவின் பாடுபடும் தாசன் பற்றிய பகுதி 53:1-ல் அல்ல, 52:13-ல் தொடங்குகிறது. 1 கொரிந்தியர் 13-ஐக் கல்யாண வீட்டில் மட்டும் கேட்டுப் பழகியவர்கள், 12-ஐயும் 14-ஐயும் சேர்த்து வாசித்தால் அது வரங்களைப் பற்றிச் சண்டையிட்ட சபைக்கு எழுதப்பட்டது என்று காண்பார்கள்.

குறிப்பேட்டுக்கு 192 பக்கப் பள்ளி நோட்டு ஒன்று போதும். நாளுக்கு அரைப் பக்கம் என்றால் 384 நாளுக்கு வரும். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். நீளமாக எழுதத் தொடங்கினால் இரண்டாவது வாரமே சலிக்கும். மூன்று தலைப்பு: கவனித்தது, கேள்வி, எனக்கு. மாற்கு 1:32-38-க்கு ஒரு மாதிரி:

*கவனித்தது:* முந்தின சாயங்காலம் பட்டணம் முழுதும் வாசலில் கூடியிருந்தது. விடியுமுன் இயேசு தனியே போய் ஜெபிக்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் சொல்லும்போதே அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார்.
*கேள்வி:* அந்த வாசலில் இன்னும் நோயாளிகள் நின்றிருந்தால்?
*எனக்கு:* தேடி வருகிற எல்லாருக்கும் சரி என்று சொல்வதையே ஊழியம் என்று நினைத்திருக்கிறேன். எதை விடவேண்டும் என்று ஜெபத்தில் கேட்டதில்லை. இந்த வாரம் ஏற்றுக்கொண்ட இரண்டு கூட்டங்களில் ஒன்றை விடுகிறேன்.

மூன்றாம் தலைப்பில்தான் பலருக்கும் தவறும். 'நாம் அனைவரும் ஜெபிக்கவேண்டும்' என்று எழுதுவார்கள். அது பிரசங்கம். ஞாயிறுதோறும் கேட்டுப் பழகிய நடை, பேனாவை எடுத்ததும் தானாக வந்துவிடும். 'நாம்' வருகிற இடத்தையெல்லாம் அடித்து 'நான்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் நிற்காது. நிற்கிறவையே உங்கள் தியானம். இதே காரணத்தால் அன்றன்று எழுதியதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவேண்டாம் என்றும் சொல்கிறோம். நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் கை நாலு பேருக்காக எழுதும். அறிக்கையிடவேண்டியது மறைந்து, அழகான வரி வந்து உட்காரும்.

கேள்வி எழவே இல்லையென்றால் மொழிபெயர்ப்பை மாற்றுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 1871-ல் வெளிவந்த திருப்புதலின் வழிவந்தது. அதன் ஓசை நமக்கு மனப்பாடம். அதனாலேயே பொருள் நழுவும். ரோமர் 8:1-ன் 'ஆக்கினைத்தீர்ப்பு', 1 யோவான் 2:2-ன் 'கிருபாதாரபலி' என்ற சொற்களை, வாயில் வரும் அளவுக்கு எத்தனை பேரால் விளக்க முடியும்? 1995-ல் வந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பையோ வேறு எளிய தமிழையோ அருகில் வைத்து இரண்டையும் பாருங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் கேள்வி பிறக்கும். பழையதை விட்டுவிடச் சொல்லவில்லை. மனப்பாடத்துக்கு அதற்கு நிகரில்லை.

இந்த முறையின் மறைசெலவு விருப்பத்துக்கு இடம் கொடுப்பது. சங்கீதம், யோவான், பிலிப்பியர், மறுபடி சங்கீதம் என்று பத்து ஆண்டு ஓடிவிடும். அதற்கு ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுவிசேஷம், ஒரு மோசேயின் புத்தகம், ஒரு நிருபம், ஒரு தீர்க்கதரிசி, பிறகு சங்கீதத்தில் பத்து. எரேமியா போன்ற 52 அதிகார நூலை 15 வசனமாக எடுக்கவேண்டாம். நாளுக்கு ஒரு அதிகாரம், எழுதுவது அதில் ஒரு பத்தியைப் பற்றி மட்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைதியில் நிலைத்தல் என்று நான்கு படிகள் சொன்னார். கத்தோலிக்க மரபில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமானது. மூன்று தலைப்புக்குப் பதில் அந்த நான்கு படிகளையும் வைத்துக்கொள்ளலாம்.

## தியானப் புத்தகமும் தின வசனமும்

இதை மட்டமாகப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சகோதரர்கள் 1728-லேயே நாளுக்கு ஒரு வசனம் சொல்லத் தொடங்கி, 1731 முதல் அதை அச்சிட்டு வருகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, அதற்கேற்ற புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சேர்ப்பார்கள். ஸ்கிரிப்சர் யூனியனின் வாசிப்பு அட்டை 1879-ல் வந்தது. ஐந்து நிமிடம் மட்டுமே உள்ள காலங்கள் எல்லார் வாழ்விலும் உண்டு: பிரசவத்துக்குப் பின், ஆஸ்பத்திரியில் துணையிருக்கும்போது, இரவுப் பணி வாரங்களில். அந்த நாட்களில் இதுவே சரியான தேர்வு.

செலவு சூழலில் விழுகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11-ஐக் காணாத சபை குறைவு: தீமைக்கல்ல, 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே'. அதற்கு முந்தின வசனம் அட்டையில் இருப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே திருப்பிக்கொண்டுவருவேன் என்கிறது அது. 5-ஆம் வசனமோ அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கடிதத்தைப் பெற்றவர்களில் பலர் திரும்பிவருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்து 11-ஐப் பிடித்துக்கொள்கிறவருக்கு வாக்குத்தத்தம் சிறிதாகாது. மார்ச்சில் வேலை கிடைக்காதபோது உடையாமல் நிற்கும்.

ஆகவே ஒரே ஒரு விதி: வசனம் வந்ததும் வேதாகமத்தைத் திறந்து, அதற்கு முன் ஐந்து, பின் ஐந்து வசனம் வாசியுங்கள். விளக்கவுரையை அதற்குப் பிறகு. முதலில் விளக்கத்தை வாசித்தால் அந்த ஆசிரியரின் தியானம் உங்களுடையதாகத் தோன்றிவிடும். வாட்ஸ்அப் குழுவில் வருவதை அங்கேயே வாசித்து 'ஆமென்' போட்டுவிட்டால் அன்றைய வாசிப்பு அத்தோடு முடிந்துபோகும். வசன எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு போனைக் கீழே வையுங்கள்.

கத்தோலிக்கரின் திருப்பலி வாசகங்களும் அன்றன்றைக்குத் தரப்படுபவைதான், ஆனால் வெட்டு வசனங்கள் அல்ல. வார நாட்களுக்கு ஈராண்டுச் சுற்று, ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுற்று. உலகெங்கும் அதே நாளில் அதே பகுதி வாசிக்கப்படுகிறது என்பது தனியாக வாசிக்கிறவருக்குப் பெரிய துணை. எல்லா அதிகாரமும் அதில் வராது, அவ்வளவே.

## கேட்டல்

மேலே சொன்ன வேகத்தில் முழு வேதாகமத்துக்கும் 90 மணி நேரத்துக்குச் சற்று மேல். பேருந்திலோ ரயிலிலோ போக வர 40 நிமிடம் உள்ளவர், வேலை நாட்களில் மட்டும் கேட்டாலே ஆறேழு மாதத்தில் முடிப்பார். நிருபங்கள் கேட்பதற்கென்றே எழுதப்பட்டவை. கொலோசெயர் 4:16 அந்த நிருபத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் சொல்கிறது. கண் மங்கிய தாத்தா பாட்டிகளுக்கும், தமிழ் நன்றாகப் பேசி எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கும் ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கும் இதுவே முதல் தேர்வாகட்டும். மனம் அலைவது இதன் குறை. இறங்கும் நிறுத்தத்தில் 'எந்தச் சொல் நின்றது?' என்று கேட்டு அதை மட்டும் குறித்துக்கொண்டால் பாதி சரியாகும்.

## எங்கள் தேர்வு

பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது முறையை மேசைக்கும், ஐந்தாவதைப் பயணத்துக்கும் சொல்வோம். ஒன்றில் ஆழம் கிடைக்கும், மற்றதில் அகலம் கிடைக்கும்; இரண்டிலும் பாக்கி சேராது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு: மாற்கு, பிறகு பிலிப்பியர், பிறகு ஆதியாகமம், குறிப்பேட்டோடு. அட்டையில் கோடு போட்டால்தான் நடக்கும் என்ற சுபாவம் உள்ளவருக்கு: புதிய ஏற்பாட்டை மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அதிகாரம். 260 அதிகாரம், 52 வாரம், வாரத்துக்கு ஐந்து. கணக்கு மிச்சமில்லாமல் பொருந்துகிறது, சனியும் ஞாயிறும் தவறியதை எடுக்கக் கிடக்கின்றன. முப்பது ஆண்டாக ஆண்டுதோறும் முடித்துவருகிற மூப்பருக்கு: ஓராண்டு நிறுத்தி, ஒரே தீர்க்கதரிசியோடு இருந்து பாருங்கள் ஐயா.

எதை எடுத்தாலும் 14 நாள் சோதித்துப் பாருங்கள். பதினான்காம் நாள் நோட்டைத் திறந்து 'எனக்கு' என்ற தலைப்பின் கீழ் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் நேரத்தைக் கூட்டவேண்டாம். வாசிக்கும் அளவைப் பாதியாக்கி, எழும் நேரத்தையும் உட்காரும் இடத்தையும் மாற்றாமல், இன்னொரு 14 நாள் போங்கள்.